வளைந்த ஏணியும் முன்மேசைப் போனும்

என் பாசத்துக்கும் நன்றிக்கும் ஒருசேர உரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை. அங்கே நீங்களும், சித்தப்பாவும், உங்கள் தையல் வகுப்பும், அதில் உள்ள இயந்திரங்களும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். போனில் சொல்லக்கூடாதா, எதற்குக் கடிதம் என்று வேறு யாராக இருந்தாலும் கேட்பார்கள். நீங்கள் கேட்க மாட்டீர்கள். நான் போனில் பேசினால் நீங்கள் "லைன்ல இருக்கியா, லைன்ல இருக்கியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், நான் இந்தப் பக்கம் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். இந்தக் கடிதமே ஒரு போனைப் பற்றியதுதான். அதற்கு வருவதற்கு முன் நன்றி சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காரியத்துக்காக எழுதினாள் என்று ஆகிவிடும். காரியத்துக்காகத்தான் எழுதுகிறேன். ஆனாலும் நன்றி அதற்கு முன்பிருந்தே இருக்கிறது.

நேர்காணலுக்குப் போன அன்று சார் என் பெயரைக் கேட்டார், நீங்கள் சொன்னீர்கள். எதுவரை படித்திருக்கிறாள் என்று கேட்டார், "பத்தாவதோட நின்னுட்டா, அது அந்த ஸ்கூலுக்குத்தான் நஷ்டம்" என்றீர்கள். கம்ப்யூட்டரில் என்ன தெரியும் என்று கேட்டார், "என்ன தெரியாதுன்னு கேளுங்க, அது சீக்கிரம் முடிஞ்சிரும்" என்றீர்கள். கடைசியில் சார் என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ பேசவே மாட்டியா?" என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கத்தான் போனேன், உண்மையாகவே திறக்கத்தான் போனேன், அதற்குள் நீங்கள், "வாயில்லாப் பூச்சி சார் அது. அதனாலதான் வேலை ஓடும். பேசறதுக்கு உங்ககிட்ட ஆள் நிறைய இருக்காங்களே" என்றுவிட்டீர்கள். சார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில் எனக்கு வேலை கிடைத்தது. ஆக, நேர்காணலில் தேறியது நீங்கள், சம்பளம் வாங்குவது நான். இதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, அதனால் சொல்லாமலே இத்தனை மாதம் கடத்திவிட்டேன்.

என்ன வேலை என்று உங்களுக்கே சரியாகத் தெரிந்திருக்காது. அப்பாவுக்கும் தெரியாது. அவர் தெருவில் எல்லோரிடமும் "பொண்ணு படம் ஓட்டற ஆபீஸ்ல இருக்கு" என்று சொல்லிவைத்திருக்கிறார். எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன் ஒருநாள் அவரை நிறுத்தி, "அண்ணே, இப்ப என்ன படம் ஓடுது?" என்று கேட்டிருக்கிறார். அப்பா கொஞ்சமும் யோசிக்காமல், "ஏணிப் படம்" என்று சொல்லியிருக்கிறார். அது பொய்யும் இல்லை. எங்கள் அலுவலகத்தில் ஒரு பொருளைப் பட்டறையில் செய்வதற்கு முன்பே அதைக் கம்ப்யூட்டருக்குள் செய்து, அதன்மேல் பாரத்தை ஏற்றி, எங்கே வளையும், எங்கே அதிகமாகக் கஷ்டப்படும் என்று கணக்குப் போட்டுச் சொல்வார்கள். கணக்குப் போடுபவர் எஞ்சினியர் அக்கா. நாங்கள் எல்லோரும் அவரைக் கணக்கு அக்கா என்று கூப்பிடுவோம். அவர் முடித்ததும் விடை வெறும் எண்களாகக் கிடக்கும். பார்த்தால் பாவமாக இருக்கும். அதைப் படமாக்கிக் கூட்ட அறையின் பெரிய திரையில் காட்டுவதுதான் என் வேலை.

திரையை நான்கு சதுரமாகப் பிரிக்கலாம் சித்தி, ஒவ்வொரு சதுரத்துக்கும் விண்டோ என்று பெயர். ஒன்றில் முழுப் பொருள், ஒன்றில் அதன் மூட்டு மட்டும், ஒன்றில் பாரம் ஏறாத நிலை, ஒன்றில் ஏறிய நிலை என்று வைக்கலாம். எதைத் திறப்பது, எதை மூடுவது, எந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பது, எவ்வளவு கிட்டத்தில் பார்ப்பது, எந்த நிறத்துக்கு என்ன அளவு, எல்லாம் என் கையில். மெனுவில் இருப்பதெல்லாம் இங்கிலீஷ். எனக்காகக் கணக்கு அக்கா ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார். 'உடனே வரை' என்று ஒன்று உண்டு, அது இருந்தால் நான் எதைத் தொட்டாலும் படம் அந்த நொடியே புதிதாக வரையப்படும். 'மறுவரை' என்பது நான் சொல்லும்போது மட்டும் வரைவது. 'அழிக்காதே' என்று ஒன்று உண்டு, அதைப் போட்டால் பழைய படம் போகாமல் அதன்மேலேயே புதுப் படம் வந்து உட்காரும். இந்த வேலையில் எனக்கு எது பிடிக்கும் என்றால், கூட்டம் நடக்கும்போது யாரும் என்னைப் பார்ப்பதில்லை. எல்லோரும் திரையைப் பார்ப்பார்கள். நான் மூலை மேசையில், மானிட்டருக்குப் பின்னால், நெற்றி மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பேன். கோட்டுப் போட்ட பெரிய மனிதர்களை எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் ஒரு பொருளின் உச்சிக்குத் தூக்கிக்கொண்டு போய், அடியில் இறக்கிவிட்டு, ஒரு திருகாணிக்குள் எட்டிப் பார்க்க வைப்பேன். இப்படி ஒரு வேலை உலகத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நீங்கள் கொண்டுபோய் உட்காரவைத்த நாற்காலி அது.

அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து. முன்மேசை அக்காவுக்குப் பிரசவ நேரம் நெருங்குகிறது. அடுத்த வாரத்திலிருந்து விடுப்பு. முன்மேசை என்றால் வாசலில் வருகிறவர்களை வரவேற்று, போனை எடுத்து, "வணக்கம், சொல்லுங்க" என்று சொல்லும் இடம். அங்கே யாரைப் போடுவது என்று சார் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். என்னைப் போட மாட்டார் என்று நான் நிம்மதியாக இருந்தேன். வாயில்லாப் பூச்சி என்று நீங்கள்தான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களே. அந்த நிம்மதியை ஒரு ஏணி வந்து கெடுத்தது. எப்படி என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், மன்னிக்கவும்.

ஏணி செய்கிற ஒருவரும் அவர் மனைவியும் எங்களிடம் வந்திருந்தார்கள். ஏணிக்காரர், ஏணிக்காரம்மா என்றே வைத்துக்கொள்வோம், நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம். ஒரு பெரிய நூலகத்துக்கு, உயரமான அலமாரிகளில் கொக்கி போட்டு நகர்த்துகிற மாதிரி, எடை குறைந்த புது ஏணி. நூலகத்துக்காரர்களுக்கு ஏணியின் வரைபடம் பிடித்துப்போய்விட்டது, ஆனால் ஆள் ஏறினால் எவ்வளவு வளையும், தாங்குமா என்று ஒரு எஞ்சினியர் அலுவலகத்திடம் எழுதி வாங்கிவரச் சொல்லிவிட்டார்கள். இவர்கள் நம்பிக்கையில் பட்டறையில் பற்றவைக்கும் வேலையை ஏற்கனவே ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு அக்கா கணக்குப் போட்டார். ஏணி தாராளமாகத் தாங்கும். அதைப் படத்தோடு காட்டிச் சொல்வதற்குத்தான் கூட்டம்.

முந்தின நாள் சாயங்காலமே நான் நான்கு விண்டோவையும் தயார் செய்துவைத்தேன். ஏணி நுணுக்கமான படம், சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டியது. நான் எதைத் தொட்டாலும் அது நான்கு விண்டோவிலும் முதலிலிருந்து வரைய ஆரம்பித்தது, ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். அதனால் 'உடனே வரை'யை நிறுத்திவிட்டேன். பிறகு வளைவதற்கு முன்னால் இருந்த ஏணியையும் வளைந்த ஏணியையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காட்டினால் அழகாக இருக்குமே என்று 'அழிக்காதே'யைப் போட்டேன். அழகாகத்தான் இருந்தது. ரசித்துவிட்டு, இரண்டையும் பழையபடி மாற்றாமல், விளக்கை மட்டும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சார் எல்லோருக்கும் வணக்கம் சொல்லி, பிஸ்கட் தட்டை நகர்த்தி, இன்னொரு முறை வணக்கம் சொல்லி, "இப்ப நம்ம பொண்ணு ஏணியைச் சுத்திக் காட்டும்" என்றார். நான் திருப்பினேன். ஏணி அசையவில்லை. மறுபடி திருப்பினேன். அசையவில்லை. சார் "ம், சுத்தும், சுத்தும்" என்றார். நான் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மேலே, கீழே என்று கைக்கு வந்தபடி எல்லாம் திருப்பினேன். ஏணி கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றது. கணக்கு அக்கா வாயை அசைக்காமல், "மறுவரை" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுவரையை அழுத்தினேன். அதுவரை நான் திருப்பிய திருப்பல்களெல்லாம் மொத்தமாகச் சேர்ந்து, ஏணி கால் மேலே, கொக்கி கீழே என்று தலைகீழாக வந்து நின்றது. பழைய ஏணியும் போகவில்லை. நேராக நிற்கிற ஏணியின்மேல் தலைகீழ் ஏணி. பதற்றத்தில் நிமிர்த்துகிறேன் என்று இன்னும் மூன்று நான்கு முறை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு ஏணி கூடிக்கொண்டே போனது. திரையில் ஏணி போய் ஏதோ ஒரு பெரிய பூச்சி கால்களை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஏணிக்காரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஏங்க, நாம ரெண்டு கால்தானே வச்சோம்?" என்றார்.

"சும்மா இரு. இது எஞ்சினியரிங்" என்றார் ஏணிக்காரர்.

"இத்தனை காலுக்கு நாம விலையே சொல்லலையே."

கணக்கு அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது என்று அடக்கினார். அடக்கிய சிரிப்பு விக்கலாக மாறியது. விக்கிக்கொண்டே வந்து 'அழிக்காதே'யை எடுத்துவிட்டு, "பாரம் ஏத்தின படத்தை... போடு" என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அதே நேரம் வாசலில் யாரோ, "யாருடைய கார் இது, என் வண்டி எப்படி வெளிய வரும்?" என்று சத்தம் போட்டார்கள். அது சாருடைய கார். அவர் "ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்" என்று ஓடினார். அறையில் நானும், அவர்கள் இருவரும், ஏணியும் மட்டும்.

நான் பாரம் ஏற்றின படத்தைப் போட்டேன்.

சித்தி, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ஏணி நிஜத்தில் வளைவது கண்ணுக்கே தெரியாத அளவு. அதை அப்படியே வரைந்தால் வளைந்ததா இல்லையா என்று யாருக்கும் புரியாது. அதனால் அந்த மென்பொருள் தானாகவே வளைவைப் பல மடங்கு பெரிதாக்கி வரையும். எவ்வளவு பெரிதாக்கியது என்று ஓரத்தில், எறும்பு எழுத்தில் ஒரு எண் இருக்கும். எங்களுக்குப் பழகிவிட்டது. பழகாதவர்கள் பார்த்தால் நெஞ்சு அடைக்கும். திரையில் அவருடைய ஏணி வில்லாக வளைந்து, நடுப்படி தரையைத் தொடப்போகிற மாதிரி தொங்க, கொக்கி இருக்கும் இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

ஏணிக்காரர் எழுந்துவிட்டார். கையில் எடுத்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு பையிலிருந்து போனை எடுத்தார். "பட்டறைக்குச் சொல்லி நிறுத்திடறேன். ஒரு ஆள் ஏறினதுக்கே இப்படின்னா, எவன் தலையில விழுமோ" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை சித்தி. கோபம் இருந்திருந்தால் நான் மேசைக்கு அடியில் போயிருப்பேன். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது, எனக்கே கேட்கிறது. எடுத்தவுடன் "எல்லாத்தையும் கீழ வை" என்று சொல்லப் போகிறார். சாரும் இல்லை, அக்காவும் இல்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியம் என் தொண்டைக்கு வந்து, அங்கே வேறு யாரையோ பார்த்துப் பயந்து திரும்பிப் போய்விட்டது.

அப்போது எனக்கு ஒரு யோசனை. படத்தின்மேல் எழுத்தும் எழுதலாம். தலைப்பு, குறிப்பு எல்லாம் அப்படித்தான் போடுவோம். வாயால் சொல்லாவிட்டால் என்ன, விண்டோவில் சொல்லலாமே என்று, ஏணிக்கு மேலே பெரிய எழுத்தில், 'பயப்படாதீங்க, இது பெரிதாக்கிய படம்' என்று தட்டி மறுவரையை அழுத்தினேன். அந்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது என்பது எனக்கு அதுவரை தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு கேள்விக்குறியாக, ஏணி நீளத்துக்கும் வெறும் கேள்விக்குறியாக வந்து நின்றது.

ஏணிக்காரம்மா அதை இடமிருந்து வலமாகக் கடைசிவரை படித்தார். பிறகு, "பாருங்க, மெஷினுக்கே சந்தேகம் வந்திருச்சு" என்றார்.

முதல் மணி அடித்து ஓய்ந்தது, ஏணிக்காரர் மறுபடி பட்டறைக்குப் போட்டார். நான் பக்கத்து விண்டோவைத் திறந்து, அதில் மட்டும் பெரிதாக்குவதை எடுத்துவிட்டு உண்மை அளவில் வரையச் சொன்னேன். ஏணி ஸ்கேல் வைத்த மாதிரி நேராக வந்தது. அதோடு புரிந்துவிடும் என்று நினைத்தேன்.

"இப்ப நிமிர்ந்திருச்சே" என்றார் ஏணிக்காரர்.

"எப்படி நிமிரும்? நாம முகத்தைச் சுளிச்சதைப் பார்த்துட்டு அந்தப் பொண்ணு மாத்துது. மறைக்கிறாங்க."

"பாவம், சின்னப் பொண்ணு. நமக்கு ஆறுதலா இருக்கட்டும்னு பண்ணுது."

அந்த 'பாவம்'தான் சித்தி என்னைப் பேச வைத்தது. நான் எழுந்து நின்றேன். "அது பொய்" என்றேன்.

இருவரும் முதல்முறையாகத் திரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "எது பொய்? வளைஞ்சதா, நிமிர்ந்ததா?" என்றார் ஏணிக்காரம்மா.

"வளைஞ்சது. வளையறது நிஜம். ஆனா அவ்வளவு இல்ல. நமக்குத் தெரியணும்னு அதுவே பெருசாக்கிக் காட்டுது." இத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன், மூச்சு விட்டால் நின்றுவிடும் என்று பயம். மேசையில் சாருடைய விசிட்டிங் கார்டுக் கட்டு இருந்தது. அந்த எறும்பு எண்ணுக்குக் கீழே இருந்த நிஜ வளைவின் அளவைப் பார்த்துக்கொண்டு, அந்தக் கட்டிலிருந்து அந்தத் தடிமனுக்குக் கொஞ்சம் கார்டை எடுத்து, பக்கவாட்டில் திருப்பி அவர்கள் முன்னால் பிடித்தேன். "இவ்வளவுதான் வளையும். நடுப்படியில ஆள் நிக்கும்போது."

ஏணிக்காரர் அந்தக் கார்டுகளை வாங்கி, விரலால் அழுத்தி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். அப்போதுதான் பட்டறையில் போனை எடுத்தார்கள். "ஹலோ, சொல்லுங்க முதலாளி" என்று கேட்டது.

ஏணிக்காரர் கார்டையே பார்த்துக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா" என்றார். "சாப்ட்டியா?"

"இப்பதான் டீயே குடிச்சேன் முதலாளி."

"சரி சரி, வேலையைப் பாரு" என்று வைத்துவிட்டார்.

ஏணிக்காரம்மா அப்படி விடுகிறவர் இல்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்று, "சரிம்மா, வளைவை ஒத்துக்கறேன். இந்தச் சிவப்பு? அதுவும் பெருசாக்கினதா? இதோ பக்கத்துல ஆளே ஏறாத ஏணி, அதுலயும் கொக்கி சிவப்பா இருக்கே. ஏறாமலே அதுக்கு என்ன வலி?" என்றார். நல்ல கேள்வி. கணக்கு அக்கா அந்த நேரம் தண்ணீர் டம்ளரோடு வாசலில் வந்து நின்றுவிட்டார், எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. நான், ஒவ்வொரு விண்டோவும் தன்னிடம் இருப்பதிலேயே அதிகமானதை எடுத்துச் சிவப்பு அடித்துக்கொள்ளும், ஏறாத ஏணிக்குத் தன் சொந்த எடைதான் பெரிய கஷ்டம் என்று சொன்னேன். சொன்னேன் என்று எழுதுகிறேன், பாதியைக் கையால்தான் காட்டினேன். அக்கா, "எல்லா விண்டோக்கும்... ஒரே அளவு வை. உச்சத்துக்கு இரும்பு தாங்கற... அளவைப் போடு" என்று விக்கலுக்கு நடுவில் எண்ணைச் சொன்னார். போட்டேன். ஆள் ஏறாத ஏணி முழுக்க நீலமாகிவிட்டது. ஆள் ஏறிய ஏணியில் கொக்கி மட்டும் பச்சை. சிவப்பு எங்குமே இல்லை.

"இதை முதல்லயே காட்டியிருந்தா ஒரு பிஸ்கட் மிச்சமாகியிருக்காதே" என்றார் ஏணிக்காரம்மா. ஏணிக்காரர் தட்டிலிருந்த அந்தப் பிஸ்கட்டை எடுத்துச் சாப்பிட்டார். நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மானிட்டரை இன்னும் கொஞ்சம் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன்.

இங்கேயே முடிந்திருந்தால் இந்தக் கடிதம் நன்றிக் கடிதமாகவே நின்றிருக்கும். சார் காரை நகர்த்திவிட்டு வந்தார். நடந்ததையெல்லாம் ஏணிக்காரம்மா ஒன்று விடாமல் சொன்னார், கேள்விக்குறி உட்பட. சார் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "அட, நல்லாப் பேசுதே நம்ம பொண்ணு. நான் முன்மேசைக்கு ஆள் தேடிட்டிருக்கேன், ஆள் இங்கயே உக்காந்திருக்கு. திங்கக்கிழமையில இருந்து போன் உன்கிட்ட. படத்தைக் கணக்கு அக்காவே பார்த்துக்கட்டும்" என்றார். ஏணிக்காரம்மா கைதட்டினார். நானும் சிரித்தேன், பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன், மறுக்கத் தெரியாத இடத்தில் எனக்கு வருவது சிரிப்புத்தான். சாகிற மாதிரி இருந்தது. ஒருமுறை வாயைத் திறந்ததற்குத் தண்டனை கொடுப்பார்களா சித்தி?

நான் பேசியது ஒரு ஏணிக்காக. அதுவும் திரை பக்கத்தில் இருந்தது, கார்டு கையில் இருந்தது, முகம் எதிரில் இருந்தது. போனில் முகமே கிடையாது. யார் என்று தெரியாத ஒருவர், என்ன கேட்பார் என்று தெரியாமல், எப்போது வேண்டுமானாலும் மணியடிப்பார். நம் வீட்டுப் போன் அடித்தாலே நான் அடுப்படிக்குப் போய், அணைந்துகிடக்கிற அடுப்பை மறுபடி அணைப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவிடம் சொன்னேன். "நல்லதாப் போச்சு, இனிமேலாவது நாலு வார்த்தை பேசுவே" என்று முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொல்லிவிட்டாள். அப்பா, "அப்ப இனிமே படம் ஓடாதா?" என்று கேட்டார். அவருக்குத்தான் என்னைவிட வருத்தம், எலக்ட்ரீஷியனுக்கு என்ன பதில் சொல்வது என்று.

ஆகவே காரியத்துக்கு வருகிறேன். சாருடைய மனைவி உங்கள் தையல் வகுப்புக்கு வருகிறார் அல்லவா. ரவிக்கைக்கு அவர் வைக்கிற கை எப்போதும் ஒன்று நீளமாகவும் ஒன்று குட்டையாகவும் இருக்கும் என்று நீங்கள் ஒருமுறை சொன்னீர்கள். அதைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கிற நேரத்தில், பேச்சுவாக்கில், அந்தப் பெண்ணை அந்த மூலை மேசையிலேயே விட்டுவிடச் சொல்லுங்கள் என்று ஒரு வார்த்தை போட்டுவைக்க வேண்டும். நேர்காணலில் எனக்காகப் பேசினீர்கள். இன்னும் ஒருமுறை பேசுங்கள். இனி ஒருபோதும் கேட்க மாட்டேன் என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் உங்களிடம் பொய் சொல்ல வராது. நான் திங்கட்கிழமைக்கு முன்னால் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் இடுப்பு வலிக்கு அம்மா ஏதோ தைலத்தின் பெயர் சொன்னாள், எழுதிக்கொள்வதற்குள் அவளே மறந்துவிட்டாள். தையல் வகுப்பில் ஒரு ஊசியும் உடையாமல், ஒரு நூலும் அறாமல், கைகள் எல்லாம் ஒரே நீளமாக அமைந்து நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நீங்கள் என்றும் போல என்மேல் வைத்திருக்கிற நம்பிக்கையைக் குறைக்காமல் வைத்திருக்க வேண்டும், அதற்குத் தகுதியாக இருக்க முயற்சி செய்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாயில்லாப் பூச்சி

பின்குறிப்பு: சித்தி, மேலே உள்ளதை மதிய உணவு நேரத்தில் கூட்ட அறையில் உட்கார்ந்து எழுதி, மடித்து உறையில் போடப்போனேன். முன்மேசை அக்கா சாப்பிடப் போயிருந்தார். போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. விடாமல் அடிக்கிற விதத்திலேயே யாரென்று தெரிந்துவிட்டது. போய் எடுத்தேன். "வணக்கம்" வரவில்லை, "ம்" என்றேன். "நீதானே, நீதான்னு எனக்குத் தெரியும்" என்றார் ஏணிக்காரம்மா. அதன்பிறகு அவர் பேசினார், நான் "ம்" சொன்னேன். இப்படி ஒரு வசதி போனில் இருக்கிறது என்று யாருமே எனக்குச் சொல்லவில்லை. நூலகத்துக்காரர்கள் நாங்கள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்துச் சரி சொல்லிவிட்டார்களாம். இப்போது அவருக்கு அந்த வில்லாக வளைந்த படமே வேண்டுமாம், கேள்விக்குறிகளோடு, பெரிதாக. கடையில் மாட்டப்போகிறார். "பக்கத்துல அந்த நேரான படத்தையும் போடு, நடுவுல அந்தக் கார்டை ஒட்டிக்கறேன். வர்றவன் நின்னு பார்ப்பான், நின்னா வாங்குவான். கூட ஒண்ணு, இனிமே நான் கூப்பிட்டா நீதான் எடுக்கணும், உங்க சார் எடுத்தா ரெண்டு தடவை வணக்கம் சொல்லியே பேச்சை முடிச்சிடறார்" என்றார்.

போனை வைத்தபோது சார் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அவர் ஏதாவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன், போனை எடுக்கிறேன், ஆனால் படமும் என்னிடம்தான் இருக்க வேண்டும், மூலை மேசைக் கம்ப்யூட்டரை முன்மேசைக்குக் கொண்டுவாருங்கள் என்று. சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது நான் என்று தெரிந்தது. அவர் இப்போது கேபிள் நீளம் போதுமா என்று அளந்துகொண்டிருக்கிறார். கணக்கு அக்கா என் தோளுக்குப் பின்னாலிருந்து இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, "பயத்தை எத்தனை மடங்கு பெருசாக்கி வரைஞ்சிருக்கே, ஓரத்துல எண்ணே காணோமே" என்கிறார். ஆகவே சாருடைய மனைவியிடம் தயவுசெய்து ஒன்றும் சொல்ல வேண்டாம், கை நீளத்தை மட்டும் சொல்லுங்கள். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று பார்த்தேன், மனசு வரவில்லை. 'அழிக்காதே' போட்டிருக்கிறேன். அதன்மேலேயே இதையும் வைத்துச் சேர்த்துப் பாருங்கள்.